என் நெஞ்சைப் பார்த்து அவளுக்கு மருந்து

திருநங்கைகளான எங்களுக்குள் மூத்தவள் ஒருத்தி இளையவளை மகளாக ஏற்றுக்கொள்வது வழக்கம். எனக்கு அப்படி மகளாக வாய்த்தவள் அவள். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். இருவருக்கும் திராட்சைத் தோட்டத்தில் கொத்து நறுக்குகிற வேலை. வாய் ஓயாமல் பேசுவாள். ஒரு மழைக்காலத்தில் இருமல் வந்தது, பேச்சு குறைந்துபோனது.

ஆஸ்பத்திரி என்றாலே மாட்டேன் என்று பிடிவாதம். முன்பு காய்ச்சலோடு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனவளைப் பெண்கள் வரிசையிலிருந்து ஆண்கள் வரிசைக்கு விரட்டினார்கள். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். ஊசி போட வந்த நர்ஸ், தன்னோடு வேலை பார்ப்பவர்களையும் கூப்பிட்டு வேடிக்கை காட்டினாள். ஊசியே போடாமல் பஸ் ஏறிவிட்டாள் என் மகள். நாசமாய்ப் போகிறவர்கள். கடை திறப்பில் வாழ்த்துச் சொல்ல மட்டும் நாங்கள் வேண்டும்.

ஆள் மெலிந்துகொண்டே போனாள்.

"உனக்குன்னு சொல்லி மருந்து வாங்கியா ஆத்தா. உன்னையப் பாத்தா திருநங்கைன்னு யாருக்கும் தெரியாதுல்ல" என்றாள்.

எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு கிளினிக்குக்குப் போய் அவளுடைய இருமல், காய்ச்சல், வேர்வை எல்லாவற்றையும் என்னுடையதாகச் சொன்னேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். "நெஞ்சு சுத்தமா இருக்கும்மா" என்று டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். அவர் என்ன செய்வார், பாவம்.

வீட்டில் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அது என் நெஞ்சுடி, கிறுக்கி."

"ஆத்தாளுக்கு நல்லாருந்தா மகளுக்கும் நல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள்.

தோட்டத்தில் ரத்தம் கக்கிய அன்று அவளைக் கேட்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து, "ஏம்மா, இம்புட்டு நாளா ஏன் வரல?" என்று கேட்டார். என் மகள் தேம்பித் தேம்பி அழுதாள்.

காசநோய், நெஞ்சு முழுக்கப் பரவிவிட்டது, முன்பே வந்திருந்தால் மாத்திரையிலேயே குணமாகியிருக்கும் என்று வெளியே கூப்பிட்டு என்னிடம் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"என்னைய அம்மான்னு கூப்பிட்டாக ஆத்தா" என்றாள். "இனிமே எதுன்னாலும் இவுககிட்டயே வருவோம்."

வருவோம்டி என்றேன். மறுநாள் விடியும்போது அவள் உயிரோடு இல்லை.