இரண்டு டம்ளர் மிளகுப்பால்

வீட்டுக்கு வரும் விருந்தாளி முன்னால் பிள்ளையைப் பாடச் சொல்லும் பழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ, அந்த ஆள் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். எனக்குப் பாட்டு வராது. ஒன்பது வயதிலும் வரவில்லை, இப்போதும் வராது. இது என் அப்பாவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஸ்டுட்கார்ட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். அப்பா ஓர் ஆய்வுக்கூடத்தில் உலோகத் துண்டுகளை உடைத்து, அவை ஏன் உடைந்தன என்று எழுதிக்கொண்டிருந்தார். ஊரில் தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. அதனால் யாராவது வீட்டுக்கு வந்துவிட்டால் அப்பாவுக்குத் தலைகால் புரியாது. சாப்பாடு முடியும். காப்பி வரும். காப்பி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டதும், கப்பலில் கொண்டுவந்த சுருதிப்பெட்டியைத் திறந்துவிடுவார். அம்மா சொல்லிக்கொடுத்த கீதத்தை நான் பாட வேண்டும். வந்தவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். பச்சைப் பொய்.

அத்தோடு விட்டால் பரவாயில்லை. எனக்குப் பிறகு வந்தவரும் பாட வேண்டும். அது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பாவின் ஜெர்மன் பேராசிரியர்கூட ஒருமுறை டையைத் தளர்த்திக்கொண்டு, நல்ல வெயில் காலத்தில், கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டுப் போனார். பாடியவருக்கு அப்பா தீர்ப்பும் சொல்வார். பேராசிரியருக்குத் தாளம் நிற்கவில்லை என்று சொன்னார். அதற்குப் பிறகும் அப்பா எப்படி அந்த வேலையில் நீடித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்மாவின் தம்பி, என் மாமா, அதே ஊரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். விடுதியில் தங்கி, சனி ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் வந்து சாப்பிடுவார். அவருக்கு ஓர் ஆங்கிலப் பாடகர் மேல் பைத்தியம். தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிட்டாருடன் பாடுகிறவர். அவருடைய கதையைத்தான் எனக்குச் சோறு ஊட்டும்போது சொல்வார்.

அந்தப் பாடகர் இங்கிலாந்தின் வடக்கே ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். அவருடைய அப்பா கப்பலிலிருந்து மீன் பெட்டி இறக்குகிறவர். மகன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தார். அறுபதுகளில் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கப்பலேறி ஜெர்மனிக்கு வந்துவிட்டார். இதே ஸ்டுட்கார்ட்டில், பூமிக்கு அடியில் இருந்த ஒரு பீர்க்கடையில், அமெரிக்கச் சிப்பாய்களுக்காகப் பாடினார். அவர்கள் கேட்டதெல்லாம் அடுத்தவர் பாட்டு. நடுவில் தன் பாட்டு ஒன்றை மெதுவாக நுழைத்துவிடுவாராம். ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்களாம். பிறகு லண்டன் போய் ஓர் இசைத்தட்டு போட்டார், விற்கவில்லை. இன்னொன்று போட்டார், அதுவும் போகவில்லை. அடுத்ததைத்தான் உலகமே பாடியது. மாமா இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லமாட்டார். கப்பல் கிளம்பும் இடத்தில் நிறுத்தி, இன்னும் ரெண்டு வாய் சாப்பிட்டால்தான் கப்பல் போகும் என்பார். அந்த மனிதர் முன்னுக்கு வருவதற்காக நான் தின்ற கீரைக்கு அளவே இல்லை.

அப்படிப்பட்டவர் எங்கள் ஊருக்குக் கச்சேரி செய்ய வந்தார். மாமா வார இறுதிகளில் அந்தக் கச்சேரி மண்டபத்தில் நாற்காலி போடுவது, மின்கம்பி இழுப்பது போன்ற வேலைகள் செய்துவந்தார். அதனால் எனக்கும் அவருக்கும் இடம் கிடைத்தது. நான் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். சும்மா சொல்லவில்லை, அவருடைய வாழ்க்கை வரலாற்றையே சொன்னேன். பின் பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். காது மட்டும் பெரியது. அவன் எழுந்து நின்று, அந்த ஆள் முந்தைய இரண்டு ஊர்களிலும் பாடவில்லை, தொண்டை கெட்டுவிட்டது, அண்ணன் பேப்பரில் படித்தான், இங்கேயும் பாடமாட்டார், நீ கதை விடுகிறாய் என்றான். திங்கட்கிழமை பார்ப்போம் என்றேன். பார்ப்போம் என்றான். வகுப்பே சிரித்தது. அவர் பாடாவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

கச்சேரி நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மாமா. பின்னால் ஒட்டடைக் கம்பு மாதிரி ஒரு வெள்ளைக்காரர். இசைத்தட்டு அட்டையில் பார்த்த அதே மூக்கு.

"அக்கா, இவருக்குக் கொஞ்சம் சோறு போடணும்" என்றார் மாமா.

"யாருடா இது?"

"பாடுறவர்க்கா. மண்டபத்துக்கு மைக் பாக்க வந்தார், ஈவினிங் ப்ரோக்ராம் இருக்கு. கறி மீன் தொடமாட்டார். ஹோட்டல்ல மூணு வேளையும் உருளைக்கிழங்கையே அவிச்சுக் குடுத்துக் கொல்றாங்க. சூப்ல பாத்தா பன்றிக் கொழுப்பு மெதக்குது."

பாடுகிறவர் என்பது அம்மாவின் காதில் ஏறவே இல்லை. பட்டினி என்பது ஏறியது. "கை கழுவச் சொல்லு" என்று உள்ளே போய்விட்டாள். அன்று எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு வறுவல். தட்டில் அதைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். ஆனால் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். ரசத்தைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார்.

நான் சமையலறையில் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, ராத்திரி பாடுவாரா மாட்டாரா என்று கேட்டேன்.

"டவுட்தான். தொண்டை சரியில்லங்கிறார்."

இதுவும் அம்மாவின் காதில் ஏறியது. அடுத்த நிமிடம் மிளகு இடிக்கும் சத்தம் கேட்டது. மஞ்சள், மிளகு, பனங்கற்கண்டு போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் பால். இருமல், காய்ச்சல், பரீட்சையில் தோல்வி, எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் அதுதான் மருந்து. குடித்தால் காது வழியாகப் புகை வரும்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சோபாவின் ஓரத்தில், ஜன்னல் பக்கமாக உட்கார்ந்திருந்தார். அந்த ஜன்னலில்தான் அம்மாவின் கறிவேப்பிலைச் செடி இருந்தது. ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிப் புடவைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த செடி. என்னைவிட அதற்கு வீட்டில் மரியாதை அதிகம். அப்பாவும் மாமாவும் கூடத்தின் மறுகோடியில் எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறைக்குப் போய்த் திரும்பினேன். டம்ளர் காலி. என்னைப் பார்த்ததும் அவர் உதட்டில் விரலை வைத்து, ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. விருந்தாளிகள் இன்னும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், கூச்சப்படுவார்கள், முகத்தைப் பார்த்து நாம்தான் பரிமாற வேண்டும் என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். ஓடிப்போய் இன்னொரு டம்ளர் வாங்கிவந்து கொடுத்தேன். அதுவும் சீக்கிரமே காலியாகிவிட்டது.

"வெள்ளக்காரரா இருந்தாலும் எப்படிக் குடிக்கிறார் பாரு. நீயும் இருக்கியே" என்றாள் அம்மா என்னிடம்.

பிறகு காப்பி. காப்பி டம்ளர் கீழே வைக்கப்பட்டது. அப்பா எழுந்தார்.

"அத்தான், இன்னிக்கு வேண்டாம். ப்ளீஸ்" என்றார் மாமா. "அவர் யாருன்னு தெரியுமா?"

"யாரா இருந்தா என்ன? ப்ரொபசரே பாடினார்."

பெட்டி முழங்க ஆரம்பித்தது. நான் பாடினேன். கோபத்தில் பாடினேன். உலகமே பாடும் பாட்டை எழுதியவர் முன்னால் என்னை நிறுத்தி மானத்தை வாங்குகிறார்களே என்று அப்பாவை முறைத்துக்கொண்டே பாடினேன். கீதம் மேலே ஏறும் இடத்தில் என் குரல் எண்ணெய் காணாத கதவு மாதிரி கிரீச்சிட்டது. வழக்கமான பொய்யை அவர் சொல்லவில்லை. பாடும்போது பயமாக இருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, கோபமாக இருந்தது என்று தமிழில் சொன்னேன். மாமா வாயை மூடிக்கொண்டார். அப்பா அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது நீங்கள் என்றார் அப்பா. அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். என் மகளுக்கும்தான் தொண்டை இல்லை, அவள் பாடவில்லையா என்றார் அப்பா. பெற்ற அப்பா சொல்கிற வார்த்தையா இது. அப்படியானால் அவருக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. பெட்டியை மட்டும் நிறுத்தவில்லை. ஒரே சுரம் கூடம் முழுக்க நின்றுகொண்டே இருந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். பிறகு பாடினார்.

இசைத்தட்டில் இருக்கும் பாட்டு இல்லை. மீன் பெட்டி இறக்கும்போது அவருடைய அப்பா பாடுவதாம். எனக்குப் பெரிய ஏமாற்றம். நல்ல பாட்டையெல்லாம் காசு கொடுத்தவர்களுக்கு வைத்துக்கொண்டு நமக்கு மட்டமான சரக்கைத் தள்ளுகிறார் என்று நினைத்தேன். பாதியில் தரைக்கு அடியிலிருந்து டொக் டொக் என்று சத்தம். கீழ் வீட்டுக்காரி. ஞாயிறு மத்தியானம் அவள் வீட்டில் ஈகூடப் பறக்கக் கூடாது. பறந்தால் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள். அவர் நிறுத்திவிட்டு, இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் இதுதான் என்றார். மீதியையும் பாடி முடித்தார்.

அப்பா தீர்ப்புச் சொன்னார். குரல் நல்ல குரல். ஆனால் மேலே போகும்போது சுருதி இறங்குகிறது. காலையில் எழுந்து சாதகம் செய்ய வேண்டும். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?

யாரிடமும் இல்லை என்றார் அவர்.

"அதான்" என்றார் அப்பா.

மாமா சோபாத் தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் அப்பாவைப் பார்க்கவே இல்லை. எல்லாம் முடிந்தது, திங்கட்கிழமை அந்தப் பெரிய காதுக்காரன் என்னைத் தொலைத்துவிடுவான் என்று நினைத்தேன். ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டு, மறுபடி பெட்டியை வாசியுங்கள் என்றார். முதலிலிருந்து பாடினார், துடைப்பக்காரிக்காகத் தணிந்த குரலில். மேலே போகும் இடத்தில் அப்பாவையே பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார்.

"இப்ப சரி."

ராத்திரி மண்டபம் நிறைந்திருந்தது. அவர் மேடைக்கு வந்தார். கைதட்டல் ஓய்ந்தது. மைக் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பாடித் தொலையேன் ஐயா என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அப்போது அவர் திரும்பி, ஆர்கன் வாசிப்பவரிடம் ஏதோ சொன்னார். ஆர்கன்காரர் ஒரே ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அது எங்கள் கூடத்தில் நின்ற மாதிரியே நின்றது. பாடகர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பாட ஆரம்பித்தவர், மண்டபக்காரர்கள் விளக்கைப் போட்டு விரட்டும்வரை பாடினார்.

திங்கட்கிழமை வகுப்பில் நான் ஆடிய ஆட்டத்துக்கு ஆசிரியை அம்மாவை வரச் சொல்லிவிட்டார். அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அன்றிலிருந்து அம்மாவின் மிளகுப்பாலுக்கு வந்த மவுசு சொல்லி முடியாது. மாமாவின் விடுதியில் ஜலதோஷம் பிடித்த மாணவர்களெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். போன தொண்டையை மத்தியானம் கொடுத்த பால் ராத்திரிக்குள் திருப்பிக் கொண்டுவந்த கதையைக் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் குடிக்க முடியும். ஆனால் அதே வாரத்தில் ஜன்னல் பக்கம் புளித்த நாற்றம் வந்தது. கறிவேப்பிலைச் செடி மஞ்சளாகி, இலை இலையாக உதிர்ந்தது. முன்னொரு தடவை என் பங்குப் பாலை அந்தத் தொட்டியில் ஊற்றி நான் மாட்டியிருக்கிறேன். விசாரணையே இல்லை. முதுகில் ஒன்று விழுந்தது.

"நான் ஊத்தல" என்றேன்.

"பின்ன யாரு, அந்த இங்கிலீஷ்காரரா ஊத்தினார்?"

அவர் இரண்டு டம்ளர் குடித்ததற்கு நானே சாட்சி.

போன வருடம் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வானொலியில் அந்தப் பாடகர் பேசினார். வயதாகிவிட்டது, ஆனால் அதே குரல். கச்சேரிகளை நிறுத்திய அந்த வருடம் என் தொண்டைக்கு ஒன்றுமே இல்லை என்றார். நிலவறைப் பீர்க்கடையில் பாடியபோது என்னை ஒருவருக்கும் தெரியாது, பயமே இல்லை. பேர் வந்த பிறகுதான், மேடையில் ஏறினால் வாய் திறக்கவில்லை. வெளியே சொல்ல வெட்கம், அதனால் தொண்டை என்று சொல்லி வைத்தேன். பிறகு ஒரு வீட்டில் சாப்பிடப் போனேன். அங்கே எனக்குச் சுருதி இறங்குகிறது என்று சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தார். பாலைப் பற்றி மூச்சு விடவில்லை. எப்படி விடுவார்.

உடனே அப்பாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்பவாவது மேல போறப்ப சுருதி நிக்குதா?" என்றார். அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த இரண்டு டம்ளரை வைத்துத்தான் அவள் ஊருக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அந்தத் தொட்டிக்காக முதுகில் அடி வாங்கியவள் நான். உதட்டில் விரல் வைத்து, காட்டிக் கொடுத்துவிடாதே என்று ஒரு மனிதர் கெஞ்சியிருக்கிறார். நானோ, இந்த வீட்டில் அவர் மனசைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் நான்தான் என்ற பெருமையோடு, ஒரு சொட்டுச் சிந்தாமல் இரண்டாவது டம்ளரை ஏந்திக் கொண்டுபோய் நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை, சந்தோஷம் என்று நினைத்தேன்.