கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு லாட்ஜ்

அரியலூரில் நாங்கள் லாட்ஜ் கட்டிய இடத்தைப் பார்த்த என் அண்ணன், "மாப்ள, இங்க நரிதான் வந்து தங்கும்" என்றார். என் கணவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

அண்ணனுக்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எதிரே லாட்ஜ் இருந்தது. பெரம்பலூர் தனி மாவட்டமான புதிதில், அங்கே ரூம் கிடைக்காமல் ஆட்கள் திரும்பிப் போனதைக் கணவர் பார்த்திருந்தார். மாவட்டம் வந்தால் லாட்ஜ் நிறையும் என்று அன்றே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். மெட்ராஸுக்கும் திருச்சிக்கும் போகிற பஸ்ஸெல்லாம் அண்ணன் வாசலில் ஆள் இறக்கிவிட்டது அவர் கண்ணில் படவில்லை.

அரியலூரும் மாவட்டமானதும் கலெக்டர் ஆபீசுக்கு எதிரேதான் லாட்ஜ் என்று ஒரே பிடியாக நின்றார். ஸ்டேஷன் பக்கமோ கடைத்தெருவிலோ இடம் பாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"கலெக்டர் ஆபீஸ் ஒரு தடவ வந்துட்டா எங்கயும் போவாது புள்ள" என்றார்.

என் அப்பா எனக்குக் கொடுத்த பருத்திக் காட்டை விற்று, ஊருக்கு வெளியே, ஆபீசுக்கு நேர் எதிரே பத்து ரூம் கட்டினோம். லாட்ஜ் ஓடாவிட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. மாடியில் ரோட்டைப் பார்த்த முதல் ரூமை ஆபீசர்களுக்கென்று ஒதுக்கினார். புது மெத்தை, வெள்ளை டவல், ஆளுயரக் கண்ணாடி. பெருக்குவதற்குத் தவிர அதைத் திறக்க விடமாட்டார்.

திங்கட்கிழமைகளில் எதிரே கூட்டம் அலைமோதும். அத்தனை பேரும் மனு கொடுக்க வந்தவர்கள். ஏலாக்குறிச்சியிலிருந்தும் திருமழபாடியிலிருந்தும் காலை பஸ்ஸில் வந்து, எங்கள் வாசல் நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு, சாயங்கால பஸ்ஸில் வீடு போய்ச் சேருவார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டார்களே தவிர ரூம் கேட்டவர் ஒருவரும் இல்லை. ஆபீசர்களில் பாதிப் பேர் திருச்சியிலிருந்தே வந்து போனார்கள். இதைக்கூட யோசிக்காத எங்கள் புத்தியை என்னவென்று சொல்ல!

அதற்குள் அடுத்த இடி விழுந்தது. அரியலூர் மாவட்டத்தைக் கலைத்துப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். மேசை நாற்காலிகளை லாரியில் ஏற்றியதைக் கணவர் மாடியில் நின்று பார்த்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. என் காட்டை நினைத்து நான் அழுதேன்.

சில வாரம் கழித்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சிமெண்ட் ஆலையை வருஷத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அந்த வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த ஃபிட்டர்கள், முதல் நாள் வேலை முடிந்த கையோடு ரூம் தேடி வந்திருந்தார்கள். தலையெல்லாம் சிமெண்ட் தூசி. டவுன் லாட்ஜ்களில் வேன் நிறுத்த இடமில்லையாம். ஆலைக்குப் போகிற ரோடோ எங்கள் வாசலில்தான் பிரிந்தது.

கணவர் முகத்தைச் சுளித்தார். "இது ஆபீசருங்க தங்குற எடம்."

"எந்த ஆபீசருங்க?" என்று கேட்டுவிட்டு, நானே சாவிகளை எடுத்துக் கொடுத்தேன். முதல் ரூம் சாவியை மட்டும் அவர் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஓர் ஆலை முடிந்தால் அடுத்த ஆலை. அரியலூரைச் சுற்றி ஆலைக்கா பஞ்சம்? வருகிறவர்களுக்காகப் பின்பக்கம் துவைக்கிற கல் போட்டோம். வெள்ளை விரிப்பையெல்லாம் கருநீலமாக மாற்றினோம். ஃபிட்டர் ஒருவர் காய்ச்சலில் கிடந்தபோது, மாடியில் காற்று வரும் என்று கணவரே முதல் ரூமைத் திறந்துவிட்டார். அதன் பிறகு அதுவும் காலியாக இருந்ததில்லை.

இரண்டாயிரத்து ஏழில் மாவட்டம் திரும்பி வந்தது. ஊரே வெடி போட்டது. எதிர்க் கட்டடத்துக்கு வெள்ளையடித்தார்கள். ஒருநாள் போன் வந்தது. புதிதாக வேலையில் சேர வருகிற ஆபீசருக்கு, ரோட்டைப் பார்த்த நல்ல ரூமாக வேண்டுமாம். கணவர் எழுந்து நின்று பேசினார். யாரைக் காலி செய்யச் சொல்லப் போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சுக்குங்க சார், நம்ம ஆளுங்க தங்கியிருக்காங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் பாருங்க" என்றார்.

போனை வைத்த பிறகுதான் உட்கார்ந்தார்.