புகை கண்டு வந்த மாடுகள்

சுனாமி மட்டக்களப்பின் கடலோரச் செட்டிபாளையத்தில் கனகமணியின் வீட்டை அத்திவாரத்தோடு வழித்துக்கொண்டு போனது. அவளும் கணவன் குஞ்சித்தம்பியும் உயிர் தப்பினார்கள், தோணி தப்பவில்லை. முகாமில் அவன் கைகட்டிக் குந்தியிருப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

“படுவான்கரையில அப்பாட மாட்டுப்பட்டி பாக்க ஆளில்லாமக் கிடக்குது. போவம்.”

“மாட்டைப் பத்தி எனக்கென்ன தெரியும்?”

“எனக்குத் தெரியும். வாங்க.”

வாவியைக் கடந்து அதன் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய், கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால், வயல் வட்டைகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் கொட்டில் போட்டார்கள். மீன் பிடித்த கை பால் கறக்கப் பழகியது.

2007இல் போர் அங்கும் வந்து ஷெல் விழுந்தது. ஊரே ஓடியது. கனகமணி பட்டியைத் திறந்து மாடுகளைக் காட்டுக்குள் விரட்டிவிட்டுத்தான் புறப்பட்டாள். கட்டிக் கிடந்து சாகாமல் அலைந்தாவது பிழைக்கட்டும் என்று நினைத்தாள்.

மாதங்கள் கழித்துத் திரும்பியபோது, “அதுகள் இனிக் காட்டு மாடு, ஆளைக் கண்டாப் பாயும்” என்றது சனம். கண்ணிவெடிக்குப் பயந்து யாரும் காட்டுக்குள் கால் வைக்கவில்லை. கனகமணியும் வைக்கவில்லை. வேலியைத் திருத்தி, பொழுது சாயும் நேரம் காய்ந்த சாணியின் மேல் பச்சை இலை போட்டுப் புகை மூட்டினாள். மாரியில் நுளம்புக்கடி தாளாமல் மாடுகள் புகையைத் தேடி வரும்.

அருகே புதிதாகப் போட்டிருந்த இராணுவக் காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் ஓடிவந்தான். “என்ன புகை?”

“மாட்டக் கூப்பிடுறன்.”

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

பல நாள் ஒன்றும் வரவில்லை. பிறகொரு மாலை, தூறலுக்குள் காட்டோரம் கொம்புகள் அசைந்தன. முன்னால் வந்த செவலைப் பசு நேராகப் புகைக்குள் வந்து நின்றது. பின்னால் மற்றவை, மனித முகமே பார்த்திராத கன்றுகளோடு. குஞ்சித்தம்பிக்கு அழுகை வந்துவிட்டது.

“மறுகா அழலாம். முதல்ல பட்டியைச் சாத்துங்க!”

மந்தையோடு சீனித்தம்பி என்பவரின் குறி சுட்ட வெள்ளைப் பசுவும் வந்திருந்தது. கேள்விப்பட்டு வந்தவர், குறியில்லாத ஒரு கன்றும் தன்னுடையதே என்றார். குஞ்சித்தம்பி மறுத்தான். கனகமணி இடையில் வந்தாள்.

“கண்டுக்குட்டிய விடுங்க. எங்க போய்க் குடிக்குதெண்டு பாப்பம்.”

கன்று ஓடிப்போய் வெள்ளைப் பசுவின் மடியை முட்டியது.

“உங்கடதான். வயிறு நிரம்பட்டும், கொண்டு போங்க.”

2009இல் போர் முடிந்தது. பிறகு, வெடி அகற்றி வழி திறந்த அன்று, மந்தைக்குப் பின்னால் முதல் ஆளாகக் காட்டுக்குள் நடந்தாள் கனகமணி.

“இஞ்சதானா இவ்வளவு நாளும் ஒளிச்சிருந்தீங்க?” என்று செவலையின் முதுகில் தட்டினாள்.