இடது மூலைப் பந்து

தம்ளர் மேசையிலிருந்து நழுவியது. அது தரையைத் தொடுவதற்குள் அவளுடைய இடது கால் அங்கே போய்விட்டது. பாதத்தின்மேல் தம்ளர் பத்திரமாக உட்கார்ந்ததைப் பார்த்து மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

“கைன்னு ஒண்ணு எதுக்கும்மா இருக்கு?”

“கை வர்றதுக்குள்ள கால் போயிடுது அத்தை. நான் என்ன பண்ணட்டும்?”

நாட்டுக்காக ஹேண்ட்பால் ஆடும் பெண்கள் அணியின் கோல்கீப்பர் அவள். கோலைப் பூட்டிப் போட்டுவிடுவாள் என்று அணியில் எல்லாருக்கும் ‘பூட்டக்கா’. கால்பந்துக் கோல்கீப்பருக்குக் கையுறையாவது உண்டு, இவளுக்கு வெறுங்கைதான். எதிராளி நாலெட்டு தூரத்தில் எகிறி, அந்தரத்திலிருந்து ஓங்கி எறியும் பந்தை, கை, கால், தோள், விலா என்று எது முந்துகிறதோ அதைக் கொடுத்துத் தடுக்க வேண்டும். புத்தியுள்ளவர்கள் பந்து வந்தால் விலகுவார்கள். இவள் எதிரே போவாள்.

பகலில் மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் வேலை. கரண்ட் போன வீட்டுக்காரர்கள் எல்லாரும், என்னவோ இவளே வந்து பிடுங்கிக்கொண்டு போனதுபோல் கத்துவார்கள். அசையாமல் கேட்டுக்கொள்வாள். பக்கத்து மேசைக்காரர் பரிதாபப்பட்டால், “வாயால எறியறது வலிக்காது சார்” என்பாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கும் வந்தது சோதனை. வெளிநாட்டு ஆட்டமொன்றில், இடது மூலையிலிருந்து எறிந்த பந்து முகத்தில் அறைந்தது. வீக்கம் வற்றியது, பார்வையில் பழுதில்லை என்றார் டாக்டர். ஆனால் அன்றிலிருந்து இடப்பக்கம் பந்து எழும்பினாலே இமை தானாக மூடிக்கொள்கிறது. ஒரு நொடிகூட இல்லை. கோல் விழ அது போதும்.

விஷயம் தெரிந்தவன் கணவன் ஒருவன்தான், பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்ததும் காலுறைகளைச் சுருட்டி அவள் முகத்தைப் பார்த்து எறிவான்.

“மூடுச்சா?”

“மூடுச்சு. நீ பூப்போடற மாதிரி போடற.”

“கோவம் இருந்தாத்தான கை வரும்?”

“உங்கம்மாவப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லட்டுமா?”

அவளுக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். விரல்கள் ஒடிந்து கூடியிருக்கின்றன. அவை ஒருநாளும் பின்வாங்கியதில்லை. “இத்துனூண்டு இமை, யாரைக் கேட்டு மூடுது?” என்று கண்ணாடி முன்னால் நின்று அதை இழுத்து இழுத்துப் பார்ப்பாள்.

அடுத்த சர்வதேசப் போட்டிக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. இந்த வயதில் ஒருமுறை பெயர் விட்டுப்போனால் போனதுதான். பயிற்சியாளர் அம்மாள் கோட்டுக்கு வெளியே கைகட்டி நின்றார். இடது மூலை ஆட்டக்காரி ஓடிவந்து எகிறி எறிந்தாள். பந்து பூட்டக்காவின் முழங்கையில் பட்டு வெளியே தெறித்தது. பெண்கள் கைதட்டினார்கள்.

“போதும், வா. உன் இடம் உனக்குத்தான்” என்றார் பயிற்சியாளர்.

பந்தை அவள் பார்க்கவே இல்லை. குருட்டாம்போக்கில் முழங்கை போன இடத்துக்குப் பந்தும் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அது அவளுக்கு மட்டுமே தெரியும். பேசாமல் வெளியே வந்தால் விமானம் ஏறிவிடலாம்.

அவள் வரவில்லை. உருண்டு கிடந்த பந்தை எடுத்து இடது மூலைக்காரியிடம் போட்டாள்.

“இன்னொரு தடவை எறி. மேடம் பாக்கட்டும்.”

“எங்கக்கா எறிய?”

கோலுக்கு நடுவே போய்க் கால் அகட்டி நின்றவள், தன் இடது கண்ணுக்குக் கீழே ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினாள்.