சிறுமூளை மட்டும் கிடைக்குமா?

இந்த நேரத்தில் போஸ்ட் போடுவதற்கு மன்னிக்கவும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

அவளுக்குப் பதினான்கு மாதம். இன்னும் நடக்கவில்லை. டாக்டர் பொறுத்துப் பாருங்கள் என்கிறார். பொறுக்காமல் கூகுளில் தேடினேன். தலையின் பின்பக்கம் இருக்கும் சிறுமூளைதான், விழாமல் நடக்க வைக்கிறதாம்.

பிள்ளைக்கு ஆட்டுமூளை கொடு என்று மாமியார் வேறு சொல்லிக்கொண்டே இருக்கிறார். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டு, இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் ஆட்டிறைச்சிக் கடையில் போய் நின்றேன்.

"அண்ணே, மூளைக்குப் பின்னாடி சின்னதா இருக்குமே, சிறுமூளை. அது மட்டும் கிடைக்குமா?"

"அது எதுக்குத் தங்கச்சி தனியா?"

"பாப்பா இன்னும் நடக்கல. பேலன்ஸுக்கு அதுதான் வேணும்."

கத்தியை வைத்துவிட்டு, என் இடுப்பில் இருந்தவளைப் பார்த்தார்.

"இப்ப எப்படிப் போறா?"

"தவழ்ந்துதான்."

"ஆடும் நாலு கால்லதான்லா போகுது! அதோட மூளையக் குடுத்தா இவ எப்படி எழுந்திருப்பா?"

பின்னால் நின்ற ஆன்டி சிரித்த சிரிப்பில் பாப்பாவும் கைதட்டினாள். நான் எலும்புக்கறி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

சிரிப்பு அடங்கிவிட்டது, பயம் அடங்கவில்லை. கோழிக்கு இரண்டு கால்தானே என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

உங்கள் பிள்ளைகள் எப்போது நடந்தார்கள்? சீக்கிரம் பதில் போடுங்கள்.