அம்மாவுக்கு அனுப்பிய கோட்டோ

விரலில் மாட்டும் அந்தப் பொய்நகத்தின் தோல் வளையம் எப்போதும் வியர்வை மணக்கும். எனக்கு முன்னால் மாட்டிக் கழற்றிவிட்டுப் போன டேனிஷ் பிள்ளைகளின் வியர்வை. டென்மார்க்கில், பிராண்டே ஊர் நூலகத்தின் நிலவறையில் சனிக்கிழமைகளில் நடந்த வகுப்பில், மூன்று விரல்களில் அந்த நகங்களை மாட்டிக்கொண்டு, ஆள் நீளத்துக்குத் தரையில் கிடந்த கோட்டோவின் தந்திகளை மீட்டிப் பழகினேன். கோட்டோ ஜப்பானியரின் வாத்தியம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று அதன் முன்னால் போய்ச் சம்மணம் கட்டியதற்கு அப்பாதான் காரணம்.

அப்பா என்னை மட்டும் கையோடு கூட்டி வந்திருந்தார். அம்மாவும் தம்பியும் ஊரில். அவர்களைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம், அகதிகளின் குடும்பங்களை வரவிடாமல் மந்திரியே மறித்து வைத்திருந்த, பின்னாளில் "தமிழர் வழக்கு" என்று நாடே கதைத்த அந்த ஆண்டுகளில், எங்கள் ஆட்கள் மற்றவர்களின் விண்ணப்பங்களைப் போலவே அசையாமல் கிடந்தது. கடையில் இரண்டு தமிழர் சந்தித்தால் சுகம் கேட்பதற்கு முன்னமே "கேஸ் என்ன மாதிரி?" என்றுதான் கேட்பார்கள். அம்மா வீணை வாசிப்பவர். பிள்ளை வீணையை விட்டுவிடக் கூடாது என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவார். பிராண்டேயில் வீணைக்கு எங்கே போவது? ஒருநாள் நூலகத்து யன்னலால் எட்டிப் பார்த்த அப்பா, "நீட்டாக் கிடக்குது, தந்தி இருக்குது, பிறகென்ன?" என்று என்னைச் சேர்த்துவிட்டார். "பிள்ளை வீணை படிக்குது" என்று அம்மாவுக்கு எழுதியும் விட்டார்.

வகுப்பை நடத்திய மிச்சிகோ, டேனிஷ்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து அங்கே வந்தவர். தொடக்கத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தோம். இலை உதிர்ந்து முடிவதற்குள் எல்லோரும் கிட்டார் பழகப் போய்விட்டார்கள். மிச்சிகோவின் சொந்த மகளே கைப்பந்து உடுப்போடு படியின் மேலே நின்று, காதில் வாக்மனை மாட்டிக்கொண்டு, தாய் வரட்டும் என்று காத்திருப்பாள். ஜப்பானிலும் பிள்ளைகள் இப்படித்தான் என்று மிச்சிகோ டேனிஷில் சொல்வார். அதில் கோபமோ குறையோ இருக்காது. கடைசியில் மிஞ்சியது நான் மட்டும். எனக்கும் கோட்டோவில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை, அம்மாவுக்கு அனுப்ப என்னிடம் வேறு எதுவும் இல்லாததால்தான் போனேன்.

வாசித்ததை அப்பா கசெற்றில் பதிந்து, ஊருக்குப் போகும் ஆட்களிடம் கொடுத்து விட்டார். பதில் வரப் பிந்தியது. "அவவுக்குத் தெரிஞ்சு போச்சோ?" என்று அப்பா சமையல் நடுவிலும் கேட்பார். வந்த பதிலில், சந்தோசம், இன்னும் அனுப்பு என்று மட்டும் இருந்தது. நாங்களும் அனுப்பிக்கொண்டே இருந்தோம்.

ஒருவழியாக அனுமதி கிடைத்து அம்மாவும் தம்பியும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு, அது வீணை இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

"முதல் தந்தியிலையே தெரியும் பிள்ளை," என்றார் அம்மா. "அங்கை கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, மாமா சில்லைச் சுத்தச் சுத்த, டைனமோவிலைதான் கசெற்றைப் போட்டுக் கேட்டனாங்கள். என்ன வாத்தியமெண்டு ஆர் பாத்தது? உன்ரை கையெல்லோ அது."

நான் விம்மி விம்மி அழுதேன். அதன்பின் சனிக்கிழமைகளில் அம்மாவை விட்டு நான் எங்கும் போகவில்லை. போகச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் இல்லை. பிள்ளைகள் இல்லாமல் வகுப்பு நின்றுபோனது.

இப்போது அந்த நிலவறையில் கணினிகள் இருக்கின்றன. என் மகளின் அறைச் சுவர் முழுக்க ஜப்பானியக் கார்ட்டூன் படங்கள்; கைபேசியைப் பார்த்தே அந்த மொழியையும் ஓரளவு பழகிவிட்டாள். ஆனால் அந்தப் படங்களில் கோட்டோ வரும் இடத்தை மட்டும் விரலால் தள்ளிவிடுவாள், அலுப்பாம். அதையும் டேனிஷில்தான் சொல்வாள்.

அண்மையில் ஒருநாள் தொலைக்காட்சியில் அப்படியொரு கார்ட்டூனை ஓடவிட்டுவிட்டு அவள் தேநீர் போடக் குசினிக்குப் போயிருந்தாள். அதில் யாரோ கோட்டோவை நன்றாகத்தான் வாசித்தார்கள். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று எண்ணி அவர் பக்கம் திரும்பினேன். அவர் கதிரையில் தடவி றிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டு பிள்ளை," என்றார். "இதைக் கேட்டா, நீ இன்னும் தூரத்திலை நிக்கிற மாதிரிக் கிடக்குது."