கேட்டால் கொடுக்க வேண்டிய டீசல்

ஃபிஜியில் ஒருவர் வண்டி வாங்கினால், மைலேஜ் எவ்வளவு கொடுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் நாமக்கல்காரன். லாரியை நம்பிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. புது வண்டி வாங்கியவனிடம் உடம்பு சுகமா என்று கேட்பதற்கு முன்னால் மைலேஜ் கேட்டுவிடுவோம். லௌதோகாவில் மோட்டார் மெக்கானிக் வேலை சொல்லித்தரும் ஆசிரியனாக ஒப்பந்தத்தில் வந்த புதிதில், அந்த ஊரின் நடபுவா பகுதியில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினார். லிட்டருக்கு எவ்வளவு போகும் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மழையில் சேப்பங்கிழங்கு மூட்டையோடு மலை ஏறும் என்றார். புரியவில்லையோ என்று திருப்பிக் கேட்டேன். திரும்பவும் மலை ஏறும் என்றார்.

அந்தப் பெருமையை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே ஓடுகிற பழைய பிக்கப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு டர்போ கிடையாது. மிதித்தால் பாயாது, யோசித்துவிட்டுத்தான் புறப்படும். ஆனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை வந்துவிடும் என்பதால் பாரத்தோடு மேடேறுவதில் புது வண்டிகளுக்குச் சளைத்தவை அல்ல. ஒழுங்காக வைத்துக்கொண்டால் டீசலும் அளவாகத்தான் குடிக்கும். கரும்பு எரிக்கும் காலத்துக் கரியும் மண் சாலைப் புழுதியும் ஏர் ஃபில்டரை அடைத்துவிட்டால், காற்றுக் கிடைக்காத இன்ஜின் டீசலை எரிக்க முடியாமல் கரும்புகையாகத் துப்பும். டீசலைத் தெளிக்கும் நாசில் தேய்ந்தாலும், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும், டயரில் காற்று இறங்கினாலும், எல்லாம் கடைசியில் டேங்கின் தலையில்தான் விடியும்.

வீராசாமி ஐயாவை நாந்தி முருகன் கோயிலில் சந்தித்தேன். அவருடைய தாத்தா மதராஸில் கப்பலேறிக் கரும்பு வெட்ட வந்த கூலி. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. அவர் பேசுவது கப்பலில் வந்த தமிழ், நடுநடுவே இங்கத்து இந்தி. சபேட்டோ பள்ளத்தாக்கில் குத்தகை நிலத்தில் அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கரும்பு போட்டது. இரண்டாயிரத்தில் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து இந்திய வம்சாவளிப் பிரதமரைப் பிடித்துவைத்தார்களே, அந்தக் காலத்தை ஒட்டி அவருடைய குத்தகையும் முடிந்தது. யாரும் புதுப்பித்துத் தரவில்லை. நிலம் அதன் சொந்தக்காரர்களான ஃபிஜியக் குலத்தாரிடம் திரும்பிப் போயிற்று. வீட்டில் மட்டும் இருந்துகொள்ளுங்கள் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். ஆக்லாந்தில் இருந்த மகன் ராஜேஷ் அப்பா அம்மாவுக்கு விசா வாங்கி வைத்துவிட்டு, வாரம் தவறாமல் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்தில் பாதி வீடுகள் ஏற்கெனவே காலி. படித்தவர்கள் முதலில் போனார்கள், பிறகு கடைக்காரர்கள். மிஞ்சியவர்கள் மிஞ்சியவர்களைப் பார்த்து, நீ எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் போவல மாஸ்டர்" என்றார் வீராசாமி. "என் பிக்கப்ப கேரியர் ஆக்கிட்டேன். சபேட்டோலேர்ந்து நாந்தி மார்க்கெட்டுக்கு ஆளும் மூட்டையும் ஏத்தறேன். ஆனா வண்டி ரொம்ப குடிக்குது. வர்றதெல்லாம் டீசலுக்கே பூடுது. கம்மியா குடிச்சா நான் இங்கியே இருந்துக்குவேன். இல்லாட்டி ஆக்லாந்துதான்."

ஒரு மனிதனின் நாடு எது என்பதை ஒரு பழைய இன்ஜின் தீர்மானிக்கிறது என்றால் நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வண்டியை என் பிள்ளையைப்போல் கவனித்தேன். ஃபில்டரைத் தட்டியபோது ஒரு கரும்புத் தோட்டமே கொட்டியது. நாசில்களை மாற்றினேன். வால்வு இடைவெளியைச் சரிசெய்தேன். பின்சக்கரம் ஒன்றில் பிரேக் ஷூ பிடித்துக்கொண்டு கிடந்தது, அதையும் விடுவித்தேன். வாயளவு டீசல் நிரப்பி, பா ஊர் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி, அதே பெட்ரோல் பங்கில் மறுபடி நிரப்பிப் பார்த்தேன். நாமக்கல்லில் சொன்னால் பொய் என்பார்கள், அப்படிக் கொடுத்தது. முன்பு இரண்டாவது கியரில் முனகிய மேட்டில் மூன்றாவதில் புகையில்லாமல் ஏறியது. வீராசாமி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி கமலம்மா எனக்குப் பாயசம் வைத்தார்.

ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் அவர் தலையைச் சொறிந்தார். "ஏறுது மாஸ்டர், நல்லா ஏறுது. ஆனா இன்னும் குடிக்குது." வண்டியை மறுபடி வாங்கிப் பார்த்தேன். ஓட்டை இல்லை, ஒழுகல் இல்லை. என் கையில் ஓடும்போது சிக்கனமாக இருக்கிற வண்டி, அவர் கையில் போனதும் குடிகாரனாகிவிடுகிறது.

எனக்கு ஊர்ப்புத்தி வந்தது. மைலேஜ் குறைந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது இன்ஜினை அல்ல, டிரைவரை. என் அப்பா சொந்தமாக லாரி ஓட்டியவர், பிறகு ஆள் வைத்து ஓட்டியவர். லாரி வந்து நின்றதும் டிரைவரின் தோளில் கைபோட்டு, பேச்சுக் கொடுத்தபடியே அவன் சட்டையை மோந்து பார்ப்பார். வழியில் டீசலை உறிஞ்சி விற்றிருந்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். இங்கேயும் எவனோ டேங்கில் குழாய் விடுகிறான் என்று முடிவுகட்டிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் சபேட்டோவுக்குப் போனேன்.

குழாய் விட்டுக்கொண்டிருந்தது வீராசாமியேதான். குந்தி உட்கார்ந்து ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி, டேங்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கேனுக்கு டீசலை இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாய் விரித்து, அவர் வயதே உள்ள ஒரு ஃபிஜியர் டீ குடித்துக்கொண்டிருந்தார். செமி என்று அறிமுகமானார். நிலத்துச் சொந்தக்காரக் குலத்தைச் சேர்ந்தவர், பக்கத்துக் கிராமம், வீராசாமியோடு ஒன்றாக விளையாடி வளர்ந்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து கைகொடுத்து, "கெரெகெரே" என்று கேனைக் காட்டிச் சிரித்தார். அவர்களுடைய வழக்கம் அது. உறவுக்காரனிடமோ நெருங்கியவனிடமோ இல்லாததைக் கேட்கலாம், கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. எங்கள் ஊரில் டீசலைத் திருடுவார்கள். இங்கே கேட்கிறார்கள். திருடனாயிருந்தால் பிடித்து நாலு அறை விட்டிருப்பேன்.

செமி கேனைத் தூக்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது. வீராசாமியின் கரும்பு நிலத்தில் கரும்புக்கட்டையைப் புரட்டி மரவள்ளி போட உழுதுகொண்டிருந்தார்கள். இவர் டீசலில்தான். வெளியே சொல்லக் கூசி, பழியை வண்டிமேல் போட்டிருக்கிறார்.

"பூட்டுப் போட்ட மூடி ஒண்ணு வாங்கி மாட்டிடுங்கய்யா" என்றேன்.

"பூட்டு போட்டா டீசல் மிஞ்சும் மாஸ்டர்" என்றார் வீராசாமி, வாயைக் கொப்புளித்துவிட்டு. "வூடு மிஞ்சுமா?"

செமி கெட்டவர் என்றால் இந்தக் கட்டுரை எழுதச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நல்லவர். கலவரச் செய்தி வந்த நாட்களில் இந்த வீட்டு வாசலில் வந்து படுத்துக் காவல் இருந்தவர். டீசல் கேட்கிறபோது மிரட்டுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கொடுக்கிறவனுக்கு மட்டும் அது வாடகையாகத் தோன்றியது.

"நீங்களும் ஒருவாட்டி கேட்டுப் பாருங்களேன், அவங்க மாதிரியே" என்று கமலம்மாதான் சொன்னார். இரண்டு வாரம் யோசித்துவிட்டு, வீராசாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முறைப்படி, இவர்கள் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கிப் போய்ச் செமியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இந்த வீட்டில் சாகும்வரை இருக்கவிடு என்று கேட்டார். செமி தட்டவில்லை. தன் ஆட்களைக் கூட்டிப் பேசி, சம்மதம் வாங்கி வந்து, இரண்டு பேரும் உயிரோடிருக்கும்வரை வீடு உங்களுடையது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சபேட்டோவுக்கு இனிப்போடு போனேன். வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. "குடுத்துட்டாங்கல்லங்கய்யா? அப்புறம் எதுக்குங்க போறீங்க?"

வீராசாமி கட்டின கயிற்றை விடாமல் பேசினார். "செமி டீசல் கேக்கறப்போ சிரிச்சிகினே கேக்கறான் மாஸ்டர். கேக்கறது அவனுக்கு ஒறவு. நான் எங்க தாத்தா கட்டுன வூட்ட அவன்கிட்ட கேட்டேன். வாய் வரல. அழுதுட்டேன். அவன் குடுத்துட்டான். அதுலேர்ந்து இந்த வூட்ல எனக்கு தூக்கம் வரல."

நமக்குக் காசு கொடுத்து வாங்கத் தெரியும். ஓசியில் வாங்கினால் கூனிக்குறுகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று இந்தத் தீவுக்காரர்கள் காட்டினாலும், அதில் உட்கார நமக்கு உடம்பு வளைவதில்லை. கப்பலில் வந்தவர்களின் பேரனுக்கே வளையவில்லை. ஒப்பந்தம் புதுப்பிப்பார்களா என்று மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நான் எந்த மூலைக்கு?

விமான நிலையத்துக்குச் செமிதான் ஓட்டினார். வண்டியை வீராசாமி அவருக்கே கொடுத்துவிட்டிருந்தார், செமி கேட்காமலேயே. பின்னால் அவருடைய கிராமத்து ஆட்கள் நிறைய ஏறி வந்து, பாட்டுப் பாடி வழியனுப்பினார்கள். செமி குழந்தையைப்போல் தேம்பி அழுதார். கமலம்மா அழவில்லை. பூஜை அறைப் படங்களையும் முருகன் வேலையும் எடுத்துப்போய்க் கோயிலில் சேர்த்துவிடும்படி என்னிடம் சொன்னார். சாவி செமியிடம் இருக்கிறது என்றார்.

திரும்பும்போது கூட வந்தவர்கள் கிராமத்தில் இறங்கிக்கொண்டார்கள். மேட்டில் வண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது செமி ஆங்கிலத்தில் கேட்டார்: "அவன் கேட்டதை நான் கொடுத்தேனே மாஸ்டர். ஏன் போனான்?" பிள்ளையைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றேன். பிள்ளை இங்கே வரலாமே என்றார்.

வீராசாமி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். செமி படியருகே போய், எப்போதும்போல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நிலம் அவர் குலத்துடையது, வீடு அவர் கொடுத்தது, சாவி அவர் கையில். ஆனாலும் பூட்டைத் தொடாமல் நின்று, அரை ஆண்டில் விசா முடியப்போகிற என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், உள்ளே போகலாமா?"

போகலாம் என்று நான்தான் சொன்னேன்.